மழை மலையில், வெள்ளம் குறுக்குத்துறையில்: அட்டை ஆட்டத்தில் தூண்டல் திறன் எப்போது நடக்கிறது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் பத்தமடைப் பாய் விரிப்போம். அதன் மேல் ஒரு பழைய வேட்டியையும் விரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வழவழப்பில் அட்டைகள் நழுவும். ஒரு பக்கம் அண்ணன் மகள், எதிரில் அவள் தம்பி. நடுவில் விதி சொல்வதற்கு நான். ஆடுவது மேஜிக் தி கேதரிங்: உயிரினங்களையும் மந்திரங்களையும் அட்டைகளாக இறக்கி எதிராளியின் உயிர்ப்புள்ளிகளைத் தீர்க்கும் ஆட்டம். சீட்டு என்று சொன்னாலே அம்மாவின் முகம் மாறிவிடும் என்பதால் எங்கள் வீட்டில் இதற்கு அட்டை ஆட்டம் என்று பெயர். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு ஞாயிறன்று பெரிய சண்டை வந்தது. அக்காள் ஆறு மனா, அதாவது அட்டைகளை ஆடுவதற்கு விலையாகக் கொடுக்கும் சக்தி, செலவழித்து ஃபெலிடார் சாவரின் என்ற உயிரினத்தை இறக்கியிருந்தாள். அடுத்த முறையில் தம்பி ராவெனஸ் சுபகாப்ராவை இறக்கினான். "இது களம் புகும்போது எதிராளியின் உயிரினம் ஒன்றை அழி" என்பது அந்த அட்டையில் உள்ள வாசகத்தின் பொருள். அவன் சாவரினைச் சுட்டிக் காட்டினான். அவளோ கையிலிருந்த மர்டர் என்ற மந்திரத்தை வீசிச் சுபகாப்ராவைக் கொன்றுவிட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: "கொல்ல வந்ததே செத்துவிட்டது. இனி என்னுடையதை யார் கொல்வது? நீங்களே சொல்லுங்கள், அத்தை."

தம்பியும் அவள் சொல்வது சரிதான் என்று நம்பிவிட்டான். இரண்டு பேரும் தவறு. சாவரினும் சாக வேண்டும் என்று நான் சொன்னதும் அவள் அட்டைகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. புதிதாக ஆட வரும் ஒவ்வொருவரும் அந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மேஜிக்கில் உள்ள திறன்களில் ஒரு வகை, நாம் விலை கொடுத்து நாமே இயக்குவது. அட்டையில் நடுவே இரட்டைப் புள்ளி இருக்கும். புள்ளிக்கு முன்னால் விலை, பின்னால் பலன். இன்னொரு வகை எப்போதும் எரியும் விளக்குப் போன்றது. அட்டை களத்தில் இருக்கும்வரை அதுவும் இருக்கும். மூன்றாவது வகை, ஏதோ ஒன்று நடந்தால் அதற்குப் பதிலாகத் தானே கிளம்புவது. அதைத்தான் தூண்டல் திறன் என்கிறேன். மேசையில் எல்லாரும் ட்ரிகர் என்றுதான் சொல்வார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஆங்கில அட்டையில் அந்த வாக்கியம் வென், வெனெவர், அட் என்ற மூன்று சொற்களில் ஒன்றோடு தொடங்கும். நம் மொழியில் சொன்னால் "போது", "போதெல்லாம்", "தொடக்கத்தில்". இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் அட்டையை வாசிப்பதை ஒரு கணம் நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டிய கணங்கள் அங்கே இரண்டு இருக்கின்றன.

ஒன்று, தூண்டப்படும் கணம். மற்றொன்று, பலன் நிறைவேறும் கணம். புதியவர்களுக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

நெல்லையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தாமிரபரணி ஆறு ஒன்றே போதும். பொதிகை மலையில் மழை கொட்டுகிறது. அந்த நிமிடமே குறுக்குத்துறையில் தண்ணீர் ஏறுவதில்லை. பாபநாசம் தாண்டி, அம்பாசமுத்திரம் தாண்டி, அணைக்கட்டுகளில் ஏறி இறங்கி வெள்ளம் இங்கே வருவதற்குள் நேரம் ஆகிவிடும். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோவிலைத் தண்ணீர் சூழும்போது மலையில் மழை விட்டு வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். மேகம் கலைந்துவிட்டது என்பதற்காக வெள்ளம் திரும்பிப் போகுமா? மழை அதன் வேலையை முடித்துவிட்டது. இப்போது வந்துகொண்டிருப்பது வெள்ளம். சுபகாப்ராவும் அப்படித்தான். அது களம் புகுந்த கணத்தில் மழை பெய்துவிட்டது. அதன் பிறகு சுபகாப்ராவைக் கொல்வது மேகத்தைக் கலைப்பதற்குச் சமம். திறன் தன்னைப் பெற்ற அட்டையை விட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டது. அட்டை போனாலும் திறன் போகாது.

அப்படியென்றால் சாவரினைக் காப்பாற்ற வழியே இல்லையா? இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் குறுக்குத்துறைக் கோவிலில் உற்சவரை மேலக்கோவிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். தண்ணீரை நிறுத்த முடியாது, தண்ணீர் வரும் இடத்தில் இருப்பதை நகர்த்தலாம். ஆட்டத்திலும் அதே வழிதான். தூண்டல் காத்திருக்கும் நேரத்தில் சாவரினைத் திரும்பக் கைக்கு எடுக்கும் மந்திரம் ஒன்று அவளிடம் இருந்திருந்தால், இலக்கு இல்லாமல் அந்தத் தூண்டல் வெறுமனே போயிருக்கும். அதற்கும் முன்பே, சுபகாப்ரா இன்னும் களம் புகாமல் மந்திரமாக இருக்கும்போதே அதை முறியடித்திருந்தால் மழையே பெய்திருக்காது. அந்த நிலையில் மர்டரும் உதவாது. களம் புகாதது இன்னும் உயிரினம் ஆகவில்லை. உயிரினம் ஆகாததை மர்டரால் இலக்காக்க முடியாது.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை இனிச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த ஆட்டம் 1993-ல் வெளிவந்தது. இன்று நாம் ஆடும் கால ஒழுங்கு ஆறாம் பதிப்போடு 1999-ல் வந்தது. அதன் நடுநாயகம் ஸ்டாக் எனப்படும் அடுக்கு. மந்திரங்களும் திறன்களும் நிறைவேறுவதற்கு முன் அதில் காத்திருக்கின்றன. தட்டில் தோசை அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்து விழுந்த தோசை மேலே இருக்கும். முதலில் எடுப்பதும் அதைத்தான். அடுக்கிலும் கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். இரண்டு ஆட்டக்காரர்களும் "நான் எதுவும் செய்யவில்லை" என்று அடுத்தடுத்துச் சொன்னால் மேலே இருக்கும் ஒன்று, ஒன்றே ஒன்று, நிறைவேறும். உடனே மறுபடியும் இருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். அடுக்கு ஒரே மூச்சில் காலியாவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாம் குறுக்கிடலாம்.

தூண்டல் இந்த அடுக்கில் எப்போது ஏறுகிறது? நிகழ்வு நடந்த உடனே அன்று. யாராவது ஓர் ஆட்டக்காரருக்கு வாய்ப்புக் கிடைக்கப்போகும் தருணம் வரைக்கும் அது கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் காத்திருக்கும். இடையில் ஒரு மந்திரம் நிறைவேறிக்கொண்டிருந்தால் அது முழுக்க முடிந்தாக வேண்டும். பாதி வாக்கியத்தில் எந்தத் தூண்டலும் புகுந்துவிடாது. மந்திரம் முடிந்ததும் ஆட்டம் ஒருமுறை தன்னையே சரிபார்த்துக்கொள்ளும்: யாருடைய உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குப் போய்விட்டது, எந்த உயிரினம் தாங்க முடியாத அளவு அடி வாங்கியிருக்கிறது. தோற்றவர் தோற்பார், சாக வேண்டியவை சாகும். இந்தச் சரிபார்ப்புக்கு அடுக்கு கிடையாது, குறுக்கிடவும் முடியாது. சரிபார்க்க ஏதும் மிச்சமில்லை என்றான பிறகுதான் காத்திருந்த தூண்டல்கள் அடுக்கில் ஏறும். அதற்கும் பிறகுதான் நமக்கு வாய்ப்பு.

லைட்னிங் போல்ட் என்ற மந்திரம் மூன்று புள்ளி சேதம் செய்யும். அதை இரண்டு உறுதி உள்ள, அதாவது இரண்டு புள்ளி சேதத்துக்கு மேல் தாங்காத, இரண்டு பட்டாலே சாகும் ஓர் உயிரினத்தின் மேல் வீசினால், மந்திரம் நிறைவேறும்போதே அது செத்துவிடுவதில்லை. சேதம் மட்டும் பதிகிறது. மந்திரம் இடுகாட்டுக்கு, அதாவது பயன்படுத்தி முடிந்த அட்டைகளின் குவியலுக்கு, போன பிறகு, சரிபார்ப்பில்தான் உயிரினம் சாகிறது. அந்தச் சாவைப் பார்த்துத் தூண்டப்படும் திறன் அதற்கும் அடுத்துத்தான் அடுக்கில் ஏறுகிறது. எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. மேசையில் இது ஒரு மூச்சு நேரம். ஆனால் அந்த வரிசை தெரியாமல் ஒரு முழு ஆட்டமே கைவிட்டுப் போகலாம்.

அண்ணன் மகளுக்கு அப்படித்தான் போனது. அவளிடம் பிளட் ஆர்ட்டிஸ்ட் என்ற அட்டை இருந்தது. 2012-ல் வந்த அட்டை. அதுவோ வேறு எந்த உயிரினமோ சாகும்போதெல்லாம் இலக்கான ஆட்டக்காரர் ஓர் உயிர்ப்புள்ளி இழப்பார், அதை வைத்திருப்பவர் ஒன்று பெறுவார். அவளுக்கு மிச்சம் இருந்ததோ மூன்று உயிர்ப்புள்ளி. தம்பி இரண்டு உயிரினங்களோடு தாக்கினான். ஒன்றை அவள் கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடி அட்டை கொண்டு தடுத்தாள். தடுக்காமல் விட்டது அவளை மூன்று புள்ளி அடித்தது. அதே நேரத்தில் கரடியும் செத்தது. "கரடி செத்ததால் எனக்கு ஒரு புள்ளி வரும், நான் பிழைத்துக்கொள்வேன்" என்று கணக்குப் போட்டிருந்தாள். வராது. அவள் பூஜ்யத்துக்கு வந்ததும் கரடி சாவதும் ஒரே சரிபார்ப்பில் கவனிக்கப்படுகின்றன. அந்தக் கணத்திலேயே அவள் தோற்றுவிட்டாள். அவளைக் காப்பாற்ற வேண்டிய தூண்டல் அடுக்கில் ஏறுவதற்கே நேரம் வரவில்லை. தூண்டலால் வரும் உயிர்ப்புள்ளியை நம்பிப் பூஜ்யத்தைத் தொடாதீர்கள்.

இப்போது இரண்டு வாசல்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

சோல் வார்டன் என்று ஓர் எளிய அட்டை. வேறோர் உயிரினம் களம் புகும்போதெல்லாம் அதை வைத்திருப்பவருக்கு ஓர் உயிர்ப்புள்ளி. அக்காளிடம் சோல் வார்டன் களத்தில் இருக்கிறது. அவள் இன்னோர் உயிரினத்தை ஆடுகிறாள். அவளுக்கு அந்தப் புள்ளி கிடைக்கக்கூடாது என்று தம்பி நினைத்தால் போல்ட்டை எப்போது வீச வேண்டும்? உயிரினம் இன்னும் மந்திரமாக அடுக்கில் இருக்கும்போதே வீச வேண்டும். அப்போது வார்டன் செத்துவிடும். உயிரினம் களம் புகும்போது பார்க்க ஆளிருக்காது. அது முதல் வாசல். "சரி, வரட்டும்" என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வீசினால் அது இரண்டாவது வாசல். அப்போது வார்டன் செத்தாலும் புள்ளி அவளுக்குப் போய்ச் சேரும். ஒரே அட்டை, ஒரே இலக்கு, சில நொடி வித்தியாசம். எங்கள் வீட்டில் ஓர் உயிரினத்தை ஆடியதும் "வருகிறது" என்று சொல்லிவிட்டுக் கை எடுக்காமல் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எதிராளி "வரட்டும்" என்று சொன்ன பிறகே அட்டை களத்தில் படும். இந்த ஒரு பழக்கத்தால் பாதிச் சண்டைகள் நின்றுவிட்டன.

இலக்கு குறிக்கும் நேரமும் முக்கியம். தூண்டல் அடுக்கில் ஏறும்போதே இலக்கைச் சொல்லியாக வேண்டும். நிறைவேறும்போது மனம் மாறி வேறொன்றைக் காட்ட முடியாது. "செய்யலாம்" என்று அட்டையில் இருந்தால், செய்வதா வேண்டாமா என்பதை நிறைவேறும்போது முடிவு செய்துகொள்ளலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் செய்தே தீர வேண்டும். 2001-ல் வந்த ஃபிளேம்டங் காவு இதைப் பலருக்குக் கசப்பாகக் கற்றுக்கொடுத்த அட்டை. அது களம் புகும்போது இலக்கான ஓர் உயிரினத்துக்கு நான்கு புள்ளி சேதம் செய்யும். எதிராளியின் உயிரினம் என்று அட்டை சொல்லவில்லை. செய்யலாம் என்றும் சொல்லவில்லை. களத்தில் வேறு உயிரினமே இல்லாதபோது அவசரப்பட்டு இறக்கினால் அது தன்னையே இலக்காக்க வேண்டியதுதான். அதன் உறுதியோ இரண்டு.

"தொடக்கத்தில்" என்று வரும் தூண்டல்களுக்குத் தனிக் குணம் உண்டு. அவை அந்தக் கட்டம் தொடங்கும் கணத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு நகரும் அந்தக் கணம் ஒருமுறைதான். வடம் நகர்ந்த பிறகு ஓடிவந்தவர் தேரோடு நடக்கலாம், புறப்பாட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அதைப் போல, உங்கள் முறையின் தொடக்கக் கட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிறகு களம் புகும் அட்டையில் "உங்கள் தொடக்கக் கட்டத்தின் தொடக்கத்தில்" என்று எழுதியிருந்தால் அந்த முறை அதற்கு எதுவும் இல்லை. அடுத்த முறைதான்.

சாவரின் அப்படிப்பட்ட அட்டைதான். கூடவே இன்னொரு கொக்கியும் அதில் உண்டு. உங்கள் தொடக்கக் கட்டத்தின் தொடக்கத்தில், உங்களிடம் நாற்பதோ அதற்கு மேலோ உயிர்ப்புள்ளி இருந்தால், நீங்கள் வெற்றி பெறுகிறீர்கள். ஆட்டம் தொடங்குவது இருபதில் என்பதால் நாற்பது என்பது நீண்ட ஏற்றம். அந்த "இருந்தால்" எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நேரத்தைச் சொன்ன உடனே, பலனைச் சொல்வதற்கு முன்னால் நிற்கிறது. அப்படி நடுவில் நிற்கும் நிபந்தனை இரண்டு முறை பார்க்கப்படும். கட்டம் தொடங்கும்போது ஒருமுறை: நாற்பது இல்லையென்றால் தூண்டல் பிறப்பதே இல்லை. நிறைவேறும்போது மறுபடி ஒருமுறை: அதற்குள் நாற்பதுக்குக் கீழே போயிருந்தால் தூண்டல் பலனின்றிப் போய்விடும்.

அண்ணன் மகள் முப்பத்தொன்பதில் இருந்தாள். கூடவே, அதே தொடக்கத்தில் ஓர் உயிர்ப்புள்ளி தரும் வேறோர் அட்டையும் வைத்திருந்தாள். முதலில் அந்த ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு பிறகு சாவரினால் வெல்லலாம் என்று வரிசைப்படுத்தினாள். தன் தூண்டல்களைத் தானே வரிசைப்படுத்தும் உரிமை அவளுக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வரிசைப்படுத்தச் சாவரினின் தூண்டல் பிறந்திருக்க வேண்டுமே. கட்டம் தொடங்கிய கணத்தில் முப்பத்தொன்பதுதான் இருந்தது. அடுத்த முறை நாற்பதோடு தொடங்கினாள். தூண்டல் அடுக்கில் ஏறியது. தம்பி ஒரு போல்ட்டை அவள் மேல் வீசினான். முப்பத்தேழு. மறுபடியும் இல்லை. அந்த இரண்டு முறைகளில் அவள் கற்றதை விதிப்புத்தகத்தின் 603-ஆம் பகுதியைப் பத்து முறை வாசித்தாலும் கற்றிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இடைவெளியின் அழகை முழுதாகக் காட்டும் அட்டை ஒன்று உண்டு. ஒப்லிவியன் ரிங். 2007-ல் வந்தது. அதில் இரண்டு தனித்தனித் தூண்டல்கள். களம் புகும்போது, நிலம் அல்லாத வேறோர் அட்டையைக் களத்திலிருந்து விலக்கி வை. களத்தை விட்டு நீங்கும்போது, அப்படி விலக்கிய அட்டையைத் திருப்பிக் கொடு. பார்ப்பதற்கு அடகுக்கடை போல இருக்கிறது. மோதிரம் இருக்கும்வரை உங்கள் அட்டை உள்ளே. மோதிரம் போனால் வெளியே. இப்போது முதல் தூண்டல் அடுக்கில் காத்திருக்கும்போது யாராவது மோதிரத்தையே அழித்துவிட்டால்? மோதிரம் நீங்கியதால் இரண்டாவது தூண்டல் பிறந்து, முதலாவதின் மேல் ஏறுகிறது. மேலே இருப்பதால் அது முதலில் நிறைவேறுகிறது. எதைத் திருப்பிக் கொடுப்பது? இன்னும் எதுவும் விலக்கப்படவில்லையே. வெறுங்கையோடு அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அடியிலிருந்த முதல் தூண்டல் நிறைவேறி அட்டையை விலக்கி வைக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய தூண்டல் ஏற்கெனவே வந்து போய்விட்டது. அந்த அட்டை இனி வராது. தன் மோதிரத்தைத் தானே அந்த இடைவெளியில் அழித்து, எதிராளியின் அட்டையை நிரந்தரமாக விலக்கியவர்கள் உண்டு. மேகம் கலைந்த பிறகும் வெள்ளம் வரும் என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மட்டுமே தோன்றும் யோசனை இது. பிற்பாடு 2013-ல் வந்த பானிஷர் பிரீஸ்ட் போன்ற அட்டைகளில் இரண்டு தூண்டல்களை ஒன்றாக்கி "இது களத்தை விட்டு நீங்கும்வரை" என்று எழுதினார்கள். அவற்றில் இந்த வழி அடைபட்டுவிட்டது. முதல் தூண்டல் நிறைவேறுவதற்குள் அட்டை நீங்கிவிட்டால் எதுவும் விலக்கப்படாது. பழைய வாசகம்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஓர் ஆட்டக்காரர் நுழைந்து நிற்க இடம் இருந்தது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்: இலக்கு இல்லாமல், மனா எடுக்கும்போது கூடுதல் மனா தரும் தூண்டல்கள் அடுக்கில் ஏறாமல் அங்கேயே நிறைவேறிவிடும்.

யூகியோ என்ற இன்னோர் அட்டை ஆட்டத்தை ஆடிப் பழகிவிட்டு மேஜிக்குக்கு வருபவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். அந்த ஆட்டத்தில் நேரம் தவறுதல் என்று ஒன்று உண்டு. அங்கே "போது" என்று தொடங்கி "செய்யலாம்" என்று முடியும் பலன், அந்த நிகழ்வு கடைசியாக நடந்ததாக இருந்தால் மட்டுமே கிளம்பும். அதற்குப் பின் வேறொன்று நடந்துவிட்டால் வாய்ப்புப் போய்விடும். பலி கொடுத்து வேறோர் அட்டையை அழைக்கும்போது, பலியானது இடுகாட்டுக்குப் போவது முதலில், புதியது வருவது பிறகு. ஆகவே பலியான அட்டையின் அத்தகைய பலன் நேரம் தவறிவிடும். மேஜிக்கில் அப்படி இல்லை. நடுவில் எத்தனை நடந்தாலும், நிகழ்வு ஒருமுறை நடந்துவிட்டால் தூண்டல் காத்திருந்து அடுக்கில் ஏறும். மேஜிக்கில் தூண்டலைத் தவறவிடுவது ஆட்டம் அன்று, ஆட்டக்காரரின் ஞாபகம். போட்டிகளில் அவரவர் தூண்டலை அவரவரே நினைவு வைக்க வேண்டும். எதிராளி எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். வீட்டில் குழந்தைகளோடு ஆடும்போது நான் எடுத்துச் சொல்லிவிடுவேன். கற்கும் வயதில் மறதிக்குத் தண்டனை வேண்டாம்.

பல தூண்டல்கள் ஒரே கணத்தில் பிறந்தால் என்ன செய்வது? ராத் ஆஃப் காட், எல்லா உயிரினங்களையும் ஒரே வீச்சில் அழிப்பது, முதல் பதிப்பிலேயே இருந்த அட்டை. என்னிடம் பிளட் ஆர்ட்டிஸ்டும் இரண்டு கரடிகளும், எதிராளியிடம் இரண்டு உயிரினங்களும் இருக்கும்போது அது விழுந்தால் ஐந்தும் சேர்ந்து சாகின்றன. பிளட் ஆர்ட்டிஸ்டும் செத்துவிட்டதே, மற்றவற்றின் சாவை அது எப்படிப் பார்க்கும் என்று கேட்பார்கள். களத்தை விட்டு நீங்குவதைப் பார்க்கும் தூண்டல்கள் ஒரு கணம் பின்னோக்கிப் பார்க்கும். நீங்குவதற்குச் சற்று முன் களம் எப்படி இருந்தது என்பதே கணக்கு. ஒரே நேரத்தில் போனவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போகின்றன. ஆக ஐந்து தூண்டல்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரு புளியங்கொட்டை வைப்போம். ஒன்று நிறைவேறியதும் ஒரு கொட்டையை எடுத்துவிடுவோம். எண்ணிக்கை தவறாது.

இரு தரப்பிலும் தூண்டல்கள் பிறந்தால், யாருடைய முறை நடக்கிறதோ அவர் தன்னுடையவற்றை முதலில் அடுக்கில் வைப்பார். எதிராளி அதன் மேல் வைப்பார். முதலில் வைப்பது சலுகை என்று தோன்றும். தோசைத் தட்டை மறந்துவிடாதீர்கள். முதலில் வைத்தது அடியில் கிடக்கும்.

சண்டை நடந்து சில வாரங்களுக்குப் பிறகு, அக்காளும் தம்பியும் மறுபடி பாயில் எதிரெதிரே இருந்தார்கள். இருவருக்கும் இரண்டிரண்டு உயிர்ப்புள்ளி. இருவர் களத்திலும் ஒரு பிளட் ஆர்ட்டிஸ்ட், வேறு உயிரினம் இல்லை. தம்பியின் முறை. அவன் கையில் டாம்னேஷன். ராத் ஆஃப் காடின் கறுப்பு நிற இரட்டை என்று சொல்லலாம், அதுவும் எல்லா உயிரினங்களையும் அழிக்கும். முகம் மலர்ந்து அதை எடுத்துவிட்டான். எடுத்த கையோடு நின்றான். டப்பாவிலிருந்து நான்கு புளியங்கொட்டைகளை எடுத்தான். இரண்டு ஆர்ட்டிஸ்ட்டும் சாகும். ஒவ்வொன்றும் இரண்டு சாவையும் பார்க்கும். ஆளுக்கு இரண்டு தூண்டல். தன்னுடைய இரண்டு கொட்டைகளை வேட்டியில் வைத்தான். அவற்றின் மேல் அக்காளின் இரண்டை வைத்தான். மேலே இருந்த முதல் கொட்டையை எடுத்தான்: அவனுக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. இரண்டாவதை எடுத்தான்: அவனுக்குப் பூஜ்யம். அடியில் அவனுடைய இரண்டு கொட்டைகள் அப்படியே கிடந்தன.

கொட்டைகளைத் திரும்ப டப்பாவில் போட்டான். டாம்னேஷனைக் கையோடு சேர்த்துச் செருகிக்கொண்டு, "நான் எதுவும் செய்யவில்லை. உன் முறை, அக்கா" என்றான்.